வந்து வந்து போகும் வயிற்றுவலி: ஸ்கேன் என்ன சொல்லும்?



போன கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர், நாலு மாதமாக வயிற்றுவலியோடு அலைந்த கதையைச் சொன்னார். அவருக்கு வயசு 46. "சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முறுக்கிப் பிடிக்கும். கெடந்து புரளுவேன். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்" என்றார். கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணி குடித்தார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். குடல் ஏறிடுச்சு என்று ஒரு பாட்டியிடம் எண்ணெய் தடவித் தட்டிவிட்டும் வந்தார். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தும் போகவில்லை. ஏன் தெரியுமா? "இந்த வயசுல ஸ்கேன் சென்டர் வாசல்ல நின்னா ஊரு என்ன பேசும்?" என்ற கூச்சம்தான்! ஸ்கேன் என்றாலே பிள்ளைத்தாச்சிக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

கடைசியில் ஒருநாள் வலி நிற்கவே இல்லை. வாந்தி வேறு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் பார்த்தால், குடலுக்குள் குடல் செருகியிருந்தது.

இதைக் குடல் செருகல் என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர் இன்டசசெப்ஷன். ஈரச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்ளே சுருண்டு மாட்டிக்கொள்ளுமே, அது மாதிரி குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய்விடும். உள்ளே போன பகுதி நெரிபடும். சாப்பாடு இறங்காது. ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகியே போகலாம்.

இது பெரும்பாலும் ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான் பெரியவர்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது. பெரியவர்களுக்கோ பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். கொழுப்புக் கட்டி, பாலிப் என்கிற சதை வளர்ச்சி, பழைய ஆபரேஷன் தழும்பு, சிலருக்குப் புற்றுநோய். பெருங்குடலில் செருகல் என்றால் பாதிப் பேருக்காவது புற்றுநோய்தான் காரணமாக இருக்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்கு வந்தால் டாக்டர்கள் லேசாக விடுவதில்லை.

சரி, ஸ்கேனில் எப்படித் தெரிகிறது? அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி அலைதான். எக்ஸ்ரே கதிர் கிடையாது, ஊசி கிடையாது, கர்ப்பிணிக்கும் பயமில்லை. வயிற்றில் பசை தடவி, கருவியை வைத்து நகர்த்துவார்கள். செருகிய இடத்தைக் குறுக்கே பார்த்தால், வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல வளையத்துக்குள் வளையம் தெரியும். நீளவாக்கில் பார்த்தால் கிட்னி மாதிரியே இருக்கும். கிட்னி இருக்க வேண்டிய இடமே இல்லை, ஆனாலும் கிட்னி மாதிரி ஒன்று! அதனால் 'பொய் கிட்னி' என்றே ஒரு பெயர். கலர் டாப்ளர் போட்டு ரத்தம் ஓடுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குடலில் காற்று நிறைந்திருந்தால் ஒலி அலை உள்ளே போகாது, படம் மறைந்துவிடும். உடம்பு கனமாக இருந்தாலும் கஷ்டம். தவிர, செருகிய குடல் சிலருக்குத் தானே விடுபட்டுவிடும். வலி போன பிறகு எடுத்தால் எல்லாம் நன்றாகவே தெரியலாம். அதனால் 'ஸ்கேன் நார்மல்' என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடாதீர்கள். திரும்ப வலி வந்தால் அந்த வலி இருக்கும்போதே போங்கள். டாக்டரிடம் "விட்டு விட்டு வருது, இத்தனை நாளா இருக்கு" என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு அதில்தான் காரணமும் சேர்ந்து தெளிவாகத் தெரியும். அதில் எக்ஸ்ரே கதிர் உண்டு, கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிலருக்கு எந்தக் கட்டியும் இல்லாமல் கொஞ்ச தூரம் செருகி, தானாகவே சரியாவதும் உண்டு. அப்படியா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றபடி பெரியவர்களுக்கு பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

வலியோடு வாந்தி, வயிறு உப்பல், காற்றுகூடப் பிரியாமல் அடைப்பு, மலத்தில் ரத்தம் இருந்தால் 108-க்குப் போன் போடுங்கள். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். வயிற்றைத் தட்டாதீர்கள், நீவாதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் காபித் தண்ணிகூட வேண்டாம். கைக்குழந்தை காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுதாலும் இதேதான். சீக்கிரம் கொண்டுபோனால் பல குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்தியே சரிசெய்துவிடுவார்கள்.

நம் அக்காவுக்கு எலுமிச்சை அளவு கொழுப்புக் கட்டி. அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் குடலை இணைத்தார்கள். பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அன்று ராத்திரி வண்டிக்கும் செலவுக்கும் குழுவிலிருந்து கொடுத்தது 3,000 ரூபாய். அவசரக் கடனுக்கு அந்தக் குழு முன்பே தீர்மானம் எழுதி வைத்திருந்ததால் மாதக் கூட்டம் வரை காத்திருக்கவில்லை. உங்கள் தீர்மான நோட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.