கீறலை மறக்கும் மேலாடை

முன்னே ஓடும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சிறு கல், காரின் வண்ணப்பூச்சைப் பெயர்த்துவிட்டால் என்ன ஆகும்? அங்கே இரும்புத் தகட்டை ஈரக்காற்று தொடும், துரு தொடங்கும். இதைத் தடுக்க ஒட்டுவதே பாலியூரித்தேன் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம். கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான்! ஹெலிகாப்டர் விசிறிகளின் முன்விளிம்பை மணல் அரிக்காமல் காப்பதும் இந்த இனப் பட்டைதான்.

விந்தை ஒன்று கேளுங்கள். இத்தகைய படலங்கள் பலவற்றில் விழும் மெல்லிய கீறல், வெயில் பட்டதும் மறைந்துவிடும். எப்படி? மேற்பூச்சின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்தவை. கீறும்போது அவை அறுவதில்லை, ஒதுங்குகின்றன. வெப்பம் கிடைத்ததும் எளிதாக அசைந்து, பிணைப்புகள் இழுக்க, பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. கத்தியால் ஆழமாகக் கிழித்தால்? சங்கிலியே அறுந்துவிடும், எந்த வெயிலும் அதை ஒட்டாது. படலத்தை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டவேண்டியதுதான்.