மொன்மார்த் குன்றடியில் தொடங்கிய பள்ளிக்கூடம்

பிள்ளைகளும் பள்ளிகளும் – 11

சென்ற வாரம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நடக்கும் ரியூசன் வகுப்புகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தாய், ஃபோபூர் சென்-தெனி வீதியில் மரக்கறிக் கடை வாசலில் என்னை மறித்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, பக்கத்தில் மகன். “அண்ணை, வாற வருசம் இவனைக் கத்தோலிக்க கொலேஜில சேர்ப்பம் எண்டு யோசிக்கிறம். அங்க விட்டா கிறிஸ்தவப் படிப்புத்தானே கிடைக்கும்?” கொலேஜ் என்றால் இங்கே ஆரம்பப் பள்ளிக்கு அடுத்த நடுநிலைப் பள்ளி. ஓம் என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்த முழுப் பதிலையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

பிரான்சின் கத்தோலிக்கப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை. 1959 டிசம்பர் 31ஆம் தேதிச் சட்டம் அதற்கு வழி செய்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், பாடத்திட்டமும் அரசுடையது. எந்த மதத்துப் பிள்ளையையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். மறைக்கல்விக்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது. நல்ல ஒழுங்கும் அக்கறையான ஆசிரியர்களும் உள்ள பள்ளிகள் அவற்றில் நிறைய உண்டு. ஆனால் கணக்கும் வரலாறும் பக்கத்து அரசுப் பள்ளியில் இருப்பவைதான். வாசலில் ஒரு புனிதரின் பெயர், உள்ளே ஒரு சிற்றாலயம், விரும்பியவர்களுக்கு மறைக்கல்வி. விசுவாசம் அங்கே படிப்பின் பக்கத்தில் இருக்கிறது. படிப்புக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி என்று அமெரிக்காவில் இன்று நூற்றுக்கணக்கான பள்ளிகள் நடத்துவது இதைவிட ஆழமான ஒன்று. உலகம் ஒரே கடவுளின் படைப்பு என்றால் எண்ணும் எழுத்தும் விண்மீனும் மன்னர் வரலாறும் ஒன்றோடொன்று உறவுள்ளவை. அந்த உறவு பிள்ளைக்குத் தெரியும்படி கற்பிக்க வேண்டும் என்பது அவர்களின் அடிப்படை. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு பெற்றோருடையது, பள்ளி அவர்கள் சார்பில் நிற்கிறது என்பதையும் விடாமல் சொல்கிறார்கள். நேசிக்கத் தக்கதை அதற்குரிய அளவில் நேசிக்கப் பழகுவதே நற்பண்பு என்று புனித அகுஸ்தீனார் எழுதினார். கல்வியின் பயனையும் அவர்கள் அதை வைத்தே அளக்கிறார்கள். மதிப்பெண் அதற்குப் பிறகு வருவது.

இந்த இயக்கத்துக்கு விதை போட்டவர் துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்ற ஓர் ஆங்கிலேயப் பெண், டோரதி சேயர்ஸ். 1947இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய உரையின் மையம் இதுதான்: பிள்ளைகளுக்குப் பாடங்களைச் சொல்லித் தருகிறோம், கற்கும் வழியைச் சொல்லித் தருவதில்லை. இடைக்கால ஐரோப்பாவின் மூன்று அடிப்படைக் கலைகளான இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகியவற்றை அவர் பிள்ளையின் வளர்ச்சியோடு பொருத்திக் காட்டினார். சிறு வயதில் எதையும் மனப்பாடம் செய்வது பிள்ளைக்கு இன்பம். பெயர்களும் பாடல்களும் வாய்ப்பாடும் அப்போது ஊற வேண்டும். பன்னிரண்டு வயதை ஒட்டி எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் வரும். அந்த வாயை அடக்காமல் வாதிக்கும் முறையைப் பழக்க வேண்டும். அதன் பிறகு தன்னை வெளிப்படுத்தும் ஆசை வரும். அழகாக எழுதவும் சபையில் பேசவும் கற்றுக்கொடுக்கும் காலம் அது. 1981இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற சிற்றூரில் லோகோஸ் பள்ளி இந்த வரிசையில் தொடங்கியது. மற்றவை அதைப் பின்பற்றின.

ஆத்திசூடியையும் நிகண்டையும் பொருள் தெரியும் முன்பே வாயில் போட்டுவைத்த திண்ணைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு இதன் முதற்படி புதிதல்ல. பிரெஞ்சு ஆரம்பப் பள்ளியிலும் அதன் மிச்சம் இருக்கிறது. லா ஃபோந்தேனின் காகமும் நரியும் கதைப்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள் நம் பிள்ளைகள். பாட்டி சொன்ன கதையில் வடை, இதில் பாற்கட்டி.

சேயர்ஸ் திரும்பிப் பார்த்த அந்தப் பழைய கல்வி தழைத்த இடங்களில் தலையானது நாம் வாழும் இதே பாரிஸ். சேன் ஆற்றின் தென்கரையில் இன்று ஜூசியூ பல்கலைக்கழக வளாகம் நிற்கும் இடத்தில் 12ஆம் நூற்றாண்டில் சென்-விக்தோர் மடம் இருந்தது. அங்கே கற்பித்த ஹூகோ என்ற துறவி, எதைப் படிக்க வேண்டும், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். அதில் தன் பள்ளிப் பருவத்தைச் சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், கூழாங்கற்களை அடுக்கி எண் பழகியதையும், தரையில் கரியால் கோணங்கள் வரைந்து பார்த்ததையும், குளிர்கால இரவுகளில் விண்மீன்களைக் கவனித்துக்கொண்டே விழித்திருந்ததையும் எழுதுகிறார். எதையும் அற்பம் என்று தள்ளாதே என்பது மாணவர்களுக்கு அவர் சொன்ன அறிவுரை. கடவுளை அறிய விரும்பும் துறவி கூழாங்கல்லில் தொடங்குகிறார். செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

நானூறு ஆண்டுகள் கழித்து, 1528இல், நாற்பதை நெருங்கும் ஒரு முன்னாள் போர்வீரர், குண்டடி பட்டுக் காலைச் சாய்த்து நடப்பவர், பாரிஸின் மொந்தேகு கல்லூரியில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணத்தை அடியிலிருந்து படித்தார். லொயோலா இஞ்ஞாசியார்தான் அவர். மொந்தேகுவின் கெடுபிடி ஐரோப்பா அறிந்தது. அவருக்கு முன்னே அங்கு படித்த இராஸ்மஸ், அழுகிய முட்டையையும் அடியையும் வாழ்நாள் முழுக்க மறக்காமல் எழுதிவைத்தார். பிள்ளையை அடித்து ஒழுங்குபடுத்துவதைக் கிறிஸ்தவம் என்று சொல்வோருக்கு அவர் எழுத்தே போதுமான பதில். அடுத்த ஆண்டு இஞ்ஞாசியார் சென்-பார்ப் கல்லூரிக்கு மாறினார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர்களில் ஒருவர் சவேரியார்.

லா சப்பல் மெட்ரோவில் ஏறினால் பார்பெஸ் தாண்டி அடுத்த நிறுத்தம் ஆன்வேர். ஊரிலிருந்து வரும் உறவினரைச் சக்ரே-கேர் பேராலயம் காட்ட நாம் கூட்டிப்போகும் வழி. அங்கிருந்து சிறிது நடந்தால் மொன்மார்த் குன்றில் இவோன்-லெ-தக் வீதி, 11ஆம் இலக்கம். 1534 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, அந்த இடத்திலிருந்த சென்-தெனி சிற்றாலயத்தில் இஞ்ஞாசியார், சவேரியார் உட்பட ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். இயேசு சபையின் முளை அது. பழைய ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அழிந்தது. இப்போதுள்ள நிலவறைச் சிற்றாலயம் பின்னாளில் கட்டியது. நம் கடைத்தெருவிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அது இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர்கள் பாரிஸில் கண்ட கற்பித்தல் முறை பின்பு பாரிஸ் முறை என்றே பெயர் பெற்றது. மாணவரைத் தகுதிப்படி வகுப்புகளாகப் பிரிப்பது, ஒன்றைத் தேறாமல் அடுத்ததற்குப் போகாதது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, எழுதிப் பார்ப்பது, எதிரெதிரே நின்று வாதிடுவது. 1548இல் சிசிலித் தீவின் மெசீனாவில் இயேசு சபை தொடங்கிய பள்ளி இந்த முறையில் நடந்தது. 1599இல் சபையின் கல்வி விதிகள் அச்சாயின: இலக்கணத்துக்கு மூன்று வகுப்பு, இலக்கியத்துக்கு ஒன்று, சொல்வன்மைக்கு ஒன்று, அதற்கு மேலே மெய்யியல். வாரம் முழுக்கப் படித்ததைச் சனிக்கிழமையில் மீட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கல்விக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பது அன்று சபையின் கொள்கை. இன்றைய செவ்வியல் பள்ளிகள் பல நடுத்தர வர்க்கமும் மூச்சு வாங்கும் கட்டணம் கேட்கின்றன. இதில் அவை தம் மூதாதையரிடம் கற்க வேண்டியது இருக்கிறது.

சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தன் மொழியும் தமிழும் தெரிந்தவர்களைக் கூட்டி, சிரமப்பட்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைச் சேர்த்தார். அங்கே கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலவருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அவர்களிடம் சொன்னார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் மனம் பாரிஸுக்குத் திரும்புகிறது. சொர்போன் மண்டபங்களுக்குப் போய், அறிவு நிறைந்தும் அன்பு குறைந்தும் இருப்பவர்களைப் பார்த்துப் பித்தனைப் போலக் கத்த வேண்டும் போல் இருக்கிறது என்று எழுதுகிறார். பாரிஸ் கல்வியின் குறையைத் தமிழ்க் கடற்கரையில் நின்று அதன் சொந்த மாணவரே கண்டுகொண்டார்.

இயேசு சபையின் அந்தக் கல்வி முறை தமிழுக்குத் தந்த பெருங்கொடை வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, இளவயதில் இயேசு சபையில் சேர்ந்து, இலக்கணமே முதற்படி என்ற ஒழுங்கில் உருவானவர். தமிழகம் வந்தபோதும் அதே ஒழுங்கில் மொழிக்குள் இறங்கினார். 1726இல் தேம்பாவணி. பிறகு கொடுந்தமிழ் இலக்கணம், தொன்னூல் விளக்கம். 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சதுரகராதி. நிகண்டு முழுவதையும் மனத்தில் வைத்திராத மாணவரும் சொல்லைத் தேடி எடுக்க அதனால் வழி பிறந்தது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். இன்று அமெரிக்கப் பள்ளிகள் செவ்வியல் என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான் என்று நினைக்கும்போது, லத்தீனில் ஊறிய இவர் குறளை அந்த வரிசையில் கொண்டுபோய் வைத்ததை நான் சொல்ல விரும்புகிறேன். தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளையின் செவ்வியல் மொழி வீட்டிலேயே இருக்கிறது.

தமிழும் லத்தீனும் ஒரே வரிசையில் நிற்கும் இந்தக் கல்வியை யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளியாகவே கட்டிப் பார்த்தார்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள்; தலைமை டானியல் பூர். அவர்கள் வெளியிட்ட திட்டத்தில் ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம், ஐரோப்பிய விஞ்ஞானம் எல்லாம் இருந்தன. தேர்ந்த சிலருக்கு எபிரேயமும் லத்தீனும் கிரேக்கமும். இத்தனைக்கும் நடுவில் வேதாகமம். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். அவரும் அதே செமினரியில் படித்த விசுவநாதபிள்ளையும் 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இருவரும் பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடிக் கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பதிப்பித்தார். மிஷன் தோற்றது என்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உண்மையைத் தேடு, மூலத்தைப் பார், சொல்லைச் சோதி என்று கற்றவர் தான் கற்றதைத்தான் செய்தார். அவரை அதற்கு ஆயத்தப்படுத்திய பள்ளியை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

செமினரியை 1855இல் மூடினார்கள். மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த ரூஃபஸ் அண்டர்சன், ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டார். கிராமத்துத் தமிழ்ப் பள்ளிகளே போதும் என்று முடிவாயிற்று. மூடியது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் கண்ட நோய் உண்மையானது. உத்தியோகத்துக்கான படிப்பு மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். இன்று லா சப்பலில் அதே நோய்தான்.

இங்குள்ள பிள்ளையின் வாரத்தைப் பாருங்கள். நாலரை நாள் பிரெஞ்சுப் பள்ளி. சனிக்கிழமை காலை தமிழ்ச்சோலை என்ற தமிழ் வகுப்பு, பின்னேரம் கணக்கு ரியூசன். ஞாயிறு பூசை, மறைக்கல்வி. நாலு இடத்தில் நாலு பேர் கற்பிக்கிறார்கள். ஒருவர் கற்பிப்பது மற்றவருக்குத் தெரியாது. தமிழ் வகுப்பில் குறள் படித்த பிள்ளை மறைக்கல்வியில் மலைப்பொழிவைக் கேட்கும்போது, பகைவரிடம் காட்ட வேண்டிய அன்பைப் பற்றி இரண்டும் பேசுவதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. வீட்டில் அதே பிள்ளை அம்மாவுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தைப் படித்து மொழிபெயர்த்துச் சொல்கிறது. பத்து வயதில் அதற்கு அவ்வளவு திறமை. முத்துக்குளித்துறைப் பிள்ளைகள் மன்றாட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்றால், நம் பிள்ளைகள் வீட்டுவாடகைப் படிவத்தைக் கொண்டுவருகிறார்கள்.

பிரெஞ்சு அரசு இங்கே தன் பள்ளிகளுக்குள் மதத்தை விடாது. ஆனால் அப்படி மதத்தை விலக்கிய ஜூல் ஃபெரி காலத்துச் சட்டமே, 1882 மார்ச் 28ஆம் தேதியது, தன் இரண்டாம் பிரிவில் பெற்றோருக்கு ஓர் உரிமை கொடுத்தது: ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாள், விரும்பினால் மதக்கல்வி கொடுக்க, ஆரம்பப் பள்ளி விடுமுறை. 1972 வரை அது வியாழன், பிறகு புதன். இன்று பாரிஸில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதன் பிற்பகல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் நாம் ரியூசனுக்குக் கொடுக்கிறோம்.

அந்தத் தாய்க்கு என் பதில் இது. மகனை எந்த கொலேஜிலும் சேர்த்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு என்று இங்கே சொல்லும் பன்னிரண்டு வயது வகுப்பில் லத்தீன் எடுக்கலாமா என்று கேட்டால் எடுக்கச் சொல்லுங்கள். புதன் பிற்பகலை மட்டும் விற்றுவிடாதீர்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து பங்குக் கோவிலில் ஓர் அறை கேளுங்கள். சின்னவர்களுக்கு ஒரு திருப்பாடலும் பத்துக் குறளும் தமிழில் மனப்பாடம், எழுத்துப் பிழையில்லாமல் எழுதவும் வேண்டும். பன்னிரண்டு வயதுக்காரருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து இரு பக்கமும் வாதிடச் சொல்லுங்கள். யோபு புத்தகம் ஒரு வருடத்துக்குக் காணும். பதினைந்து வயதுக்காரர் பெற்றோர் முன்னால் எழுந்து நின்று பத்து நிமிடம் தமிழிலும் பத்து நிமிடம் பிரெஞ்சிலும் பேசட்டும். ஆசிரியர் ஒருவரே மூன்று குழுவையும் அறிந்திருக்க வேண்டும். தமிழும் வேதமும் அவரிடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படி ஒரு பள்ளியைத் தமிழர் தம் கைக்காசில் கட்ட முடியுமா என்று அந்தத் தாய் கேட்கலாம். முடியும்; ஒருவர் கட்டினார், ஆனால் சைவத்துக்காக. யாழ்ப்பாண வெஸ்லியன் பள்ளியில் பீற்றர் பேர்சிவலிடம் படித்து, வேதாகம மொழிபெயர்ப்புக்கு அவருக்குத் துணை நின்று, பின்பு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.