லட்சுமி விலாஸ் பத்திரங்கள் எப்படிப் பூஜ்யமாயின?

மார்ச் 31 நெருங்க நெருங்க வங்கிகளுக்கும் அவசரம், வாசகர்களுக்கும் அவசரம். ஓசூர், கிருஷ்ணகிரி, பாரூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி, ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்று கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் கையில் வைத்திருப்பவர்கள் எழுதியவை. கேள்வி ஒன்றுதான்: "எஃப்.டி.யைவிட வட்டி கூடுதல், அதே வங்கியின் பத்திரம்தான் என்கிறார்கள். போடலாமா?"

வட்டிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். விவரத் தாளில் 'பேசல் 3', 'டியர்-2', 'ஏ.டி.1' என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அது வங்கி நன்றாக இருக்கும்வரை கடன், தள்ளாடினால் மூலதனம். விற்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியையே எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு அதன் செயல்பாட்டுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. வைப்பாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. 27-ஆம் தேதி அது டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைந்தது. சுமார் 20,000 கோடி வைப்புத்தொகை பத்திரமாகத் தப்பியது. ஆனால் முந்தைய நாளே, ரிசர்வ் வங்கி சொன்னபடி, 318.20 கோடி ரூபாய் டியர்-2 பத்திரங்கள் முழுவதுமாக அழிக்கப்பட்டுவிட்டன. வட்டியும் போயிற்று, அசலும் போயிற்று. பங்குதாரர்களுக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

இதற்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை, பத்திரக்காரர்களின் சம்மதமும் தேவைப்படவில்லை. "இந்த வங்கி இனித் தானாகப் பிழைக்காது" என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தால் போதும்; அந்த அதிகாரம் பத்திரத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது. மூலதனம் இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் அழிக்கலாம் என்று ஏ.டி.1-க்கு ஓர் எண்ணாவது உண்டு. பிழைக்காது என்ற முடிவுக்கு எண்ணே கிடையாது. வரிப்பணத்தைத் தொடாமல் வைப்பாளரைக் காப்பாற்றுகிறது என்பதால் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் லட்சுமி விலாஸ் 2019 செப்டம்பரிலிருந்தே ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கையின் கீழ் இருந்தது. மேற்பார்வை பார்த்தவரும் பத்திரத்தை அழிக்கும் நேரத்தைக் குறித்தவரும் ஒருவரே என்பது எனக்கு உறுத்துகிறது.

யெஸ் வங்கியில் நடந்தது இன்னும் மோசம். 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பத்திரங்கள் பூஜ்யமாயின. பங்குதாரர்களின் பங்குகளோ அப்படியே இருந்தன. நஷ்டத்தை முதலில் சுமக்க வேண்டியவர் தப்ப, அடுத்து நின்றவர் சுமந்தார். மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்த வங்கியின் வாடிக்கையாளர்களில் 277 பேர் எஃப்.டி.யை முன்கூட்டியே முடித்து இப்பத்திரங்களில் சுமார் 80 கோடி போட்டதாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2021 உத்தரவு கூறுகிறது. கடிதம் எழுதிய ஓய்வூதியர்களை நினைத்தால் எனக்குப் பயம் தருவது இந்த எண்தான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

5 லட்ச ரூபாய் வைப்புக் காப்பீடு இந்தப் பத்திரங்களுக்கு உண்டா? இல்லை.

தனிநபர் ஏ.டி.1 வாங்கலாமா? 2020 அக்டோபரில் செபி வகுத்த விதிப்படி வெளியீடு பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கே. குறைந்தது 1 கோடி.

மியூச்சுவல் ஃபண்டில் இருக்குமா? இருக்கலாம்; ஒரு திட்டத்தில் 10 சதவீதம்வரை.

வங்கிகள் ஏன் திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன? டியர்-2 பத்திரம் கடைசி 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 20 சதவீதம் மூலதன மதிப்பை இழக்கிறது. அதை ஈடுகட்டப் புதிது வேண்டும்.

5 ஆண்டில் பணம் கட்டாயம் திரும்புமா? முன்கூட்டித் திருப்பித் தருவது வங்கியின் விருப்பம். நீங்கள் கேட்டு வாங்க முடியாது.