சானடோரியமா, வீடா? சென்னையில் நடந்த ஒரு சோதனை சொன்ன பதில்

1950-களின் நடுவில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அமராவதிபுதூரில் ஒரு குடும்பத் தலைவருக்குக் காசநோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், சளியில் ரத்தம். அன்றைய டாக்டர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "சானடோரியத்துல சேர்த்துடுங்க. ஒரு வருஷமாவது இருக்கணும்."

சானடோரியம் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது தாம்பரம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்தது. அமராவதிபுதூரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போனால் வீட்டில் அடுப்பு எரியாது. போகாவிட்டால் கூடப் படுத்துத் தூங்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம். இதெல்லாம் படுக்கை கிடைத்தால்தானே! அன்றைய இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்.

நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. இவை இருந்தால்தான் காசநோய் தீரும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால், மாத்திரைகள் வந்த பிறகும் இதெல்லாம் கட்டாயம் வேண்டுமா என்று யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

மெழுகுக் கோட்டுக்குள் ஒரு கிருமி

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் அறிவித்தது 1882 மார்ச் 24-ம் தேதி. ஒரே ஒரு செல்தான் அதன் மொத்த உடம்பும். நீளம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. ஆனால், அந்தச் செல்லைச் சுற்றி மைக்கோலிக் அமிலம் என்ற கொழுப்புப் பொருளால் ஆன தடித்த சுவர் உண்டு. மெழுகு பூசிய துணியில் தண்ணீர் நிற்காதது போல, பல மருந்துகள் இதற்குள் எளிதில் நுழைய முடியாது.

கிருமிக்கு அவசரமும் கிடையாது. நம் குடலில் வாழும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருப்பதற்கு இந்த மந்தமும் ஒரு காரணம்.

1952-ல் புழக்கத்துக்கு வந்த ஐசோனியாசிட், மிகச் சின்ன மூலக்கூறு. கார்பன் 6, ஹைட்ரஜன் 7, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 1. மொத்தமே 17 அணுக்கள். 1912-லேயே பிராகில் இதைத் தயாரித்துவிட்டார்கள். என்ன பயன் என்று தெரியாமல் 40 வருஷம் சும்மா கிடந்தது! இது கிருமிக்குள் போகும்போது வெறும் சாதுதான். கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி விஷமாக்குகிறது. அதன்பின் மெழுகுச் சுவர் கட்டும் வேலை நின்றுபோகிறது. தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைக்கும் கதை.

சிக்கல் ஒன்று உண்டு. சுமார் பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று, பிறவியிலேயே இந்த மருந்துக்கு அசைந்து கொடுக்காது. புண்ணாகிப்போன நுரையீரல் குழிக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும்போது, இப்படித் தப்பிப் பிழைப்பவை சில நூறாவது தேறும். அதனால்தான் கூடவே இரண்டாவது மருந்து. அன்றைக்கு அது பி.ஏ.எஸ். இரண்டுக்குமே தப்பும் கிருமி கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

யார் வீட்டுக்கு, யார் வார்டுக்கு?

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. பொறுப்பேற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

கேள்வி இதுதான்: அதே மருந்தை வீட்டில் இருந்து சாப்பிட்டால் போதாதா?

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே ஒரு வருஷம். யார் சானடோரியம், யார் வீடு என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறைதான் முடிவு செய்தது. டாக்டரிடம் விட்டால் என்ன ஆகும்? மோசமாக இருப்பவரைப் பார்த்து மனசு கேட்காமல் வார்டில் சேர்ப்பார். தேறக்கூடியவரெல்லாம் வீட்டுக்குப் போவார்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால், இடத்தால் வந்த வித்தியாசம் எது, நோயின் கடுமையால் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. பள்ளிக்கூட உயிரியல் பாடத்தில் 'ஒப்பீட்டுக் குழு' என்று ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம் இதுதான்.

வீட்டில் இருப்பவர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாரா? பி.ஏ.எஸ். வாயில் வைக்க முடியாத மருந்து, வயிற்றையும் புரட்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரையும் பரிசோதித்தார்கள். பி.ஏ.எஸ். கலந்த சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டால் நிறம் மாறிவிடும். "சாப்பிட்டேன் டாக்டர்" என்று வாய் சொல்வதை வேதியியல் சரிபார்த்துவிடும்.

வார்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. உடம்பு எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான வீடு, குறைச்சலான சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டிய நிலைமை. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் எல்லோரும் ஒரே பக்கம்தான் கட்டியிருப்பார்கள்.

முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம், வீட்டில் 86 சதவிகிதம். இத்தனை குறைந்த பேர் இருக்கும் சோதனையில், இந்தச் சின்ன இடைவெளி தற்செயலாகக்கூட வரலாம்.

பிள்ளைகள்? அந்தப் பயத்தையும் சும்மா விடவில்லை. இரண்டு தரப்புக் குடும்பத்தினரையும் தொடர்ந்து வருஷக்கணக்கில் கண்காணித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் கூட இருந்தவர்களுக்கு அதிகமாக நோய் வந்துவிடவில்லை. பெரிய ஆபத்து, நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த அந்தப் பழைய மாதங்களில்தான் இருந்திருக்கிறது.

உலகெங்கும் சானடோரியம் என்ற ஏற்பாடே மெல்ல மறைந்ததில் இந்தச் சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு அமராவதிபுதூரில் ஒருவருக்குக் காசநோய் என்றால் அரசு தரும் இலவச மாத்திரைகளை வீட்டிலேயே சாப்பிடலாம். வழக்கமான வகைக்கு ஆறு மாதம். அவர் செய்ய வேண்டியது, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்குப் போவது; பாதியில் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லையா? அப்படிப் படித்துவிடக் கூடாது. சென்னைச் சோதனை கேட்டது, மருந்து சாப்பிடுபவர் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும். சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்குத் தனிச் சோதனை தேவைப்பட்டது. அதே மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அது பங்கேற்ற ஜார்க்கண்ட் ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் வந்தது. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பாதியில் மட்டும், கூட இருக்கும் குடும்பத்தினருக்கும் சேர்த்து, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது.