ஆறாதிருக்க வேண்டிய புண்

வெட்டுண்ட தசை கூடுவதும், புண் ஆறித் தழும்பாவதும் உயிருள்ள உடலின் இயல்பாகும். சத்திரவைத்தியர் தையலிடுவாரேயன்றிப் புண்ணை ஆற்றுவது இயற்கையே. ஆயின், வைத்தியரின் வேலையை இயற்கையின் அவ்வுதவியே அழித்துவிடும் இடமொன்றும் உண்டு. குளூக்கோமா என்னும் கண்ணோய்க்குச் செய்யும் சத்திரசிகிச்சையே அது. அங்கே புண் முற்றாக ஆறிவிடின் சிகிச்சை தோற்றதாகும். இஃது எவ்வாறென ஈண்டு நோக்குவாம்.

கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீரொன்று இடையறாது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற இழையத்தினூடாக வடிந்துகொண்டிருக்கிறது. சுரப்பும் வடிதலும் ஒத்திருக்கும்வரை கண்ணின் உள்ளமுக்கம் பெரும்பாலும் 10க்கும் 21க்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர் இரச அளவில் நிற்கும். குளூக்கோமா நோயாளர் பலரிடத்து இவ்வடிகால் தடைப்பட்டு அமுக்கம் ஏறுகிறது; பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. அவ்வாறு இழந்த பார்வை மீள்வதில்லை. துளிமருந்தும் லேசர் ஒளியும் போதாதவிடத்துப் புதியதொரு வடிகால் அமைத்தல் வேண்டும்.

சென்னை அரசாங்கக் கண் மருத்துவமனையிற் பணியாற்றிய எலியற் என்பார், வெண்விழியின் ஓரத்தில் வட்டத் துளையிடும் முறையொன்றை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1968இல் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த கேண்ஸ் என்பார் விவரித்த முறையே இன்று பெருவழக்காயுள்ளது. வெண்விழிச் சுவரில் மெல்லிய மூடியொன்றை வெட்டி உயர்த்தி, அதன்கீழ்த் துளையிட்டு, மூடியைத் தளர்வாகத் தைப்பர். நீர் அதன் விளிம்பாற் கசிந்து, மேலுள்ள சவ்வின்கீழ்ச் சிறு கொப்புளம்போற் பரந்து உறிஞ்சப்படும்.

உடலோ இதனை வடிகாலென அறியாது, காயமென்றே கொள்ளும். நாரை ஆக்கும் கலங்கள் அவ்விடத்துப் பெருகித் தழும்பை வளர்க்க, வழி அடைபடும். இளையோரிடத்தும், முன்னரே சத்திரசிகிச்சை பெற்ற கண்களிலும் இவ்விடர் மிகுதி.

இதனைத் தடுக்கப் புற்றுநோய் மருத்துவத்திலிருந்து இரு மருந்துகள் பெறப்பட்டன. ஒன்று, அமெரிக்க அறிஞர் ஹைடெல்பேகரும் அவர்தம் துணைவரும் 1957இல் அறிவித்த 5-புளூரோயுரசில். மற்றையது, 1950களில் யப்பானில் மண்வாழ் நுண்ணுயிரொன்றிலிருந்து பெறப்பட்ட மைற்றோமைசின்-சி. இரண்டும் கலங்கள் பிரிந்து பெருகுதலைத் தடுப்பன. 1980களில் இவை கண்ணுக்குப் பயன்படலாயின. தழும்பு எளிதில் உண்டாகும் கண்களையுடைய 213 நோயாளரிடத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், ஐந்தாண்டு முடிவிலே, 5-புளூரோயுரசில் பெறாத கண்களுள் நூற்றுக்கு 74 தோல்வியுற, பெற்றவற்றுள் நூற்றுக்கு 51 தோல்வியுற்றன. பயன் தெளிவு, எனினும் அது முழுமையன்று.

மைற்றோமைசின் இன்னும் வலியது. மில்லிலீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம்வரை கரைத்து, சிறு பஞ்சுத் துண்டுகளில் ஊறவைத்து, சவ்வின்கீழ்ச் சில நிமிடம் வைத்தெடுத்து, நன்கு கழுவிவிடுதல் வழக்கம். அச்சிறு பொழுதின் விளைவு பல்லாண்டு நிற்கும்.

நன்மையைப் போலவே தீமையும் நிற்கும். மருந்து மிகுந்தால் நீர் அளவிறந்து வடிந்து, அமுக்கம் மிகத் தாழ்ந்து, பார்வை மங்கும். கொப்புளத்தை மூடிய சவ்வு மெலிந்து ஒழுகும். ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் கிருமிகள் அவ்வழியே புகுந்து கண்ணையே கெடுத்தல் கூடும். ஆதலின் வடிகால் பெற்றவர் கண் சிவந்து வலிக்குமாயின், ஒருநாளேனும் தாழ்த்தாது வைத்தியரை நாடல் வேண்டும். இலண்டன் மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பெங் கோ என்பாரும் துணைவரும், மருந்தைக் குறுகிய இடத்தில் வையாது அகன்ற பரப்பில் இடுதல் முதலிய மாற்றங்களால் இவ்விடர்களைக் குறைக்க வழிகண்டனர்.

வடிகாலின் வாயிற் புண் ஆறலாகாது. மேலே தைத்த சவ்வோ ஆறியே தீரவேண்டும். ஒரே கண்ணில், சில மில்லிமீற்றர் இடைவெளியில், இவ்விரண்டும் ஒருங்கே நிகழவேண்டியிருக்கின்றன. மருந்தின் வன்மையைப் பயன்படுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. அதனை எங்கே நிறுத்துவதென அறிதலே சத்திரவைத்தியரின் திறனாகும்.