பூட்டைத் திறந்தால் மட்டும் போதுமா?

1973 பிப்ரவரி. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள துறைமுக நகரமான திரியெஸ்தேயின் சான் ஜொவான்னி மனநல மருத்துவமனைக்குள், மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்த நீலக் குதிரை ஒன்று ஊர்வலத்துக்குத் தயாராக நின்றது. பெயர் மார்கோ கவால்லோ. மருத்துவமனையின் சலவைத்துணி வண்டியைப் பல காலம் இழுத்த நிஜக் குதிரையின் பெயர் அது. பொம்மைக் குதிரை வாசலில் நுழையவில்லை. கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பின்னால் நோயாளிகளும் செவிலியர்களும் ஊருக்குள் நடந்தார்கள்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் அவர்களை ஆவலோடு வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. முந்தைய ஆண்டுதான் அந்த மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் தன் பெற்றோரையே கொன்றிருந்தார். இயக்குநர் ஃபிராங்கோ பசாலியா மீது வழக்கு தொடரப்பட்டது, பின்னர் அவர் விடுதலையானார். மக்களின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பயத்துக்குப் பேச்சால் அல்ல, ஏற்பாடுகளால் பதில் சொன்னார்கள் என்பதுதான் திரியெஸ்தேயின் சிறப்பு.

1971இல் பசாலியா பொறுப்பேற்றபோது உள்ளே சுமார் 1,200 பேர் இருந்தார்கள். வார்டு பெருக்குவது, சமையலறையில் பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்கள் வேலைதான். 'சிகிச்சை' என்ற பெயரில் வாங்கப்பட்ட அந்த உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. அதே ஆட்களைக் கொண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு முறையான சம்பளம் வாங்கிக்கொடுத்தார்கள். கையில் சொந்தக் காசு வந்தது. வெளியே போகிறவர் ஊருக்குப் பாரம் இல்லை, உழைத்துச் சம்பாதிக்கிறவர் என்றானது.

1975இல் கடற்கரைப் பகுதியான பார்கோலாவில் முதல் மனநல மையம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து மற்ற பகுதிகளிலும் மையங்கள் வந்தன. பூட்டாத கதவு, சில படுக்கைகள், இரவிலும் பணியில் ஊழியர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவரைத் தேடி அவர் வீட்டுக்கே போனார்கள். பழைய மருத்துவமனையின் ஊழியர்களும் பணமும் நோயாளிகளோடு சேர்ந்து ஊருக்குள் இடம்பெயர்ந்தன என்பதே இதில் முக்கியம்.

1978 மே 13 அன்று நிறைவேறிய 180ஆம் எண் சட்டம், இத்தாலி முழுவதும் மனநல மருத்துவமனைகளில் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கட்டாயச் சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். ஊரின் மேயர் உத்தரவிட வேண்டும். ஆனால் மாற்று ஏற்பாடு நாடெங்கும் ஒரே சீராக வரவில்லை. மையங்கள் வராத ஊர்களில் நோயாளியின் அம்மா, அப்பா, மனைவி தலையில்தான் எல்லாம் விழுந்தது. சட்டத்தைத் திருத்தக் கோரி அந்தக் குடும்பங்களே போராட இறங்கின.

இதே தவறு அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1955இல் அங்கே அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.58 லட்சம் பேர் இருந்தார்கள். 1990களின் நடுவில் சுமார் 72,000 பேர். 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தின் தொடர்ச்சியாகத் திட்டமிடப்பட்ட சுமார் 1,500 சமூக மனநல மையங்களில் ஏறக்குறைய பாதிதான் உருவாயின. மிச்சப் பொறுப்பு குடும்பங்கள் மீதும், நடைபாதை மீதும், சிறை மீதும் விழுந்தது. சிகாகோவின் குக் கவுண்டி சிறை, நாட்டிலேயே மனநோயாளிகளை அதிகம் வைத்திருக்கும் இடங்களில் ஒன்றாகிவிட்டது. 2015இல் அந்தச் சிறையின் தலைமைப் பொறுப்புக்கு ஓர் உளவியலாளரையே நியமித்தார்கள்.

மருத்துவமனையை நம்பி வாழ்ந்த ஊர்களின் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் கிராமத்துக்கு 1869 முதல் மனநல மருத்துவமனைதான் பிழைப்பு. 1995இல் அது மூடப்பட்டது. அதே வளாகத்தில் தொடங்கிய போதை மறுவாழ்வுச் சிறையும் 2022இல் மூடப்பட்டது. ஒரே ஊர் இரண்டு முறை வேலையை இழந்தது.

சிகாகோவில் நடந்ததும் யோசிக்க வைக்கிறது. செலவைக் குறைக்க, 2012இல் அந்நகரம் தன் 12 மனநல கிளினிக்குகளில் ஆறை மூடியது. நோயாளிகளும் அக்கம்பக்கத்தினரும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மூடப்பட்டிருந்த ரோஸ்லாண்ட் கிளினிக்கை மீண்டும் திறக்க 2024இல் நகர நிர்வாகமே முடிவெடுத்தது. ஒரு தெருவில் கிளினிக் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் உணர்ந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். மூடும் முடிவை எடுப்பதற்கு முன்பே அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.