பில் இல்லையா? அதற்காகக் கடைப்படி இறங்கிவிடாதீர்கள்

வையம்பட்டி கடைவீதியில் வாங்கிய குக்கர் மூன்றாம் நாளே கைப்பிடிப் பக்கம் ஆவி கக்குகிறது. எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "பில்லு இருக்காக்கா?" என்கிறார். இல்லை என்றதும், "அப்புறம் நாங்க என்னக்கா பண்றது" என்று அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிடுகிறார். அந்த அக்காவும் குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீடு வந்து சேர்கிறார். மிக்ஸி, மின்விசிறி, முதல் அலசலிலேயே சாயம் போன சேலை என்று பொருள்தான் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. மணப்பாறையிலும் இதே கதை, திருச்சி சின்னக்கடை வீதியிலும் இதே கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிறம் பிடிக்கவில்லை, மருமகளுக்கு வேறு மாடல் வேண்டுமாம் என்பதற்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றித் தருவது அவர் விருப்பம், அல்லது விற்கும்போது அவர் கொடுத்த வாக்கு. பிரிட்டனில்கூட நேரில் கடைக்குப் போய் வாங்கிய பொருளுக்கு இதே நிலைதான். ஆகவே வாங்கும்போதே "எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவீங்க?" என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். பிறகு போய்ச் சத்தம் போட்டுப் பயனில்லை.

பழுதான பொருள் என்றால் சட்டம் உங்கள் பக்கம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ஐப் பாருங்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் கொடுக்காமல் விற்பதையும் அதே பிரிவு முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. தான் பில் போடாமல் விற்றுவிட்டு, உங்களிடம் பில் கேட்பவர் தன் தவறைத்தான் ஒப்புக்கொள்கிறார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியும் பழுதான பொருளுக்குச் செல்லாது. அப்படி அச்சடிக்கவிடாதீர்கள் என்று மத்திய அரசு 1999-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்த வரி பில் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளின் கண்ணில் மட்டும் அது படுவதே இல்லை.

அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. "பில் போட்டா டாக்ஸ் சேரும்ணே, சாதா சீட்டுன்னா இந்த விலைக்கே தர்றேன்" என்றால் நம்மில் எத்தனை பேர் மறுக்கிறோம்? பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி, எல்லா வரிகளும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. தொழிலாளர் துறையின் சட்ட முறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு பில் போடாமலிருக்க ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைக்குச் சலுகை உண்டு. ஆனால் நீங்கள் கேட்டுவிட்டால் அந்தச் சலுகையும் இல்லை. 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்டு, கடைப் பெயர்கூட இல்லாமல் தரும் துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடையின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, பொருளின் விவரம், கையெழுத்து எல்லாம் இருக்கவேண்டும்.

சரி, பில் வாங்கவில்லை, அல்லது வாங்கித் தொலைத்தாகிவிட்டது. வாங்கித் தொலைத்தவர்கள் முதலில் நகல் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருந்தே ஆகவேண்டும். "பழைய பில் எடுக்க முடியாது" என்பது சோம்பல் பேச்சு. போன் நம்பர் கொடுத்து வாங்கியிருந்தால் நம்பரைத் தட்டினாலே வந்துவிடும்.

பில்லே வாங்காதவர்களுக்குப் பணம் போன தடம்தான் சாட்சி. ஜிபே, போன்பேயில் கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தையும் பரிவர்த்தனை எண்ணையும் எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையும் வாங்குங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை பெரும்பாலும் கடைப் பெயரில் இருக்காது. முதலாளியின் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இருக்கும். ஆகவே அந்த அட்டையையும் கடைப் பலகையையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முத்திரை குத்திய வாரண்டி அட்டை, பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், கடைப் பெயர் அச்சிட்ட பை எல்லாமே சான்றுதான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கூட வந்தவர் சாட்சி; தேதி, விலை, விற்றவர் யார் என்று அவர் பிரமாணப் பத்திரம் தரலாம். கையில் பில் இருப்பவர்களும் இன்றே படம் எடுங்கள். மெஷினில் வரும் பில்லின் எழுத்து கோடை வெயிலுக்கு மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

இன்னொன்று. "வச்சிட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பறோம்" என்றால் சீட்டு வாங்காமல் பொருளை விட்டுவிட்டு வராதீர்கள். பில்லும் இல்லை, பொருளும் இல்லை என்ற நிலை வந்தால் யாராலும் உதவ முடியாது.

அடுத்தது கடிதம். வாங்கிய தேதி, விலை, பழுது, கேட்பது என்ன (பணமா, மாற்றுப் பொருளா), 15 நாள் கெடு: ஒரு பக்கம் போதும், வக்கீல் தேவையில்லை. தனிப் பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். வாட்ஸ்அப்புக்கு 8800001915. ஆனால் அது கோர்ட் அல்ல. பெரிய கம்பெனிகள் அசையும். கடைவீதிக் கடைக்காரர் அசையாமலே இருக்கலாம். 1915-இல் பதிந்துவிட்டோம் என்று காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் வையம்பட்டிக்காரர் என்றால் இங்கேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. புகார் மனு, பிரமாணப் பத்திரம், அனுப்பிய கடிதத்தின் நகல், மேலே சொன்ன சான்றுகள், எதிர்தரப்பின் சரியான முகவரி இவ்வளவுதான் வேண்டும். இ-ஜாக்ருதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நீங்களே வாதாடலாம், இலவச வக்கீல் வேண்டுமானால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பில் வாய்தா வாங்கியே இழுப்பார்கள், பொறுமை வேண்டும். ஆனால் நீங்கள் வழக்குப் போடுவதற்கான கெடு இரண்டே ஆண்டு. திரும்பவும் சொல்கிறேன், இரண்டே ஆண்டு.

இந்த வறண்ட பக்கத்தில் குக்கரைவிடப் பெரிய நட்டம் விதையில்தான். கடையில் விதை வாங்கி, மழையை நம்பி விதைத்து, முளைக்காமல் போனால் ஒரு போகமே போயிற்று. விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி விற்பனையாளர் ரசீது கொடுத்தே ஆகவேண்டும். விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல், தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. விதைத்தவனிடம் போய் "சோதனைக்கு மிச்ச விதை எங்கே" என்று கேட்பது நியாயமில்லை என்பதும் அதே தீர்ப்புதான். முளைப்பு மோசம் என்று தெரிந்த அன்றே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். உழுதுவிட்ட பிறகு சொன்னால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. லாட் எண் அச்சிட்ட அட்டையோடு விதைப் பையை அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.